செம்புத் தகடு

செப்டம்பர் 9, 2024, திங்கள்

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் செருப்பை வாசலில் விட்டு, இரும்புக் கதவை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டாசு கம்பெனியை விட்டுத் திருத்தங்கல் காலண்டர் பிரஸ்ஸுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. பதினோரு வருஷப் பழக்கம் போகுமா? அங்கே வெடிமருந்து அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். நான் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். தினமும் தொடுகிறேன்.

"பிரஸ்ல மிஷினத் தொட்டா லேசா சுரீர்ங்குது, லட்சுமி" என்றார்.

"அப்பத் தொடாதீக" என்றேன். சோறு போட்டேன்.

செப்டம்பர் 14, சனி

நல்ல மழை. பிரஸ்ஸுக்குள் தண்ணீர் ஏறியும் லீவு இல்லையாம். காலண்டர் ஆர்டர் அவசரமாம்.

செப்டம்பர் 26, வியாழன்

எழுதினால் நெஞ்சு அடங்குமா என்று பார்க்கிறேன். அடங்கவில்லை.

பதினாறாம் தேதி காலை. பிரஸ்ஸில் தரையெல்லாம் ஈரம். செருப்பை வெளியே விட்டிருக்கிறார். வேலை தொடங்குமுன் மிஷினைத் தொட்டிருக்கிறார். கை ஒட்டிக்கொண்டதாம். மெயினை அணைக்க ஆள் ஓடுவதற்குள் —

உசுரக் காப்பாத்தச் சொல்லிக்குடுத்த பழக்கமய்யா அது! அதுவே கொண்டு போயிருச்சே. தொடாதீகன்னு ஒரு வார்த்தையோட விட்டுட்டேனே, நானும் ஒரு பொம்பளையா?

செப்டம்பர் 29, ஞாயிறு

பிரஸ் மேனேஜர் தருண்குமார் வந்தார். நாற்காலி போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

"செருப்பில்லாம நின்னது சங்கரபாண்டியன் கவனக்குறைவுதானம்மா. அப்படின்னு இதுல ஒரு கையெழுத்து போட்ருங்க. கேஸு முடிஞ்சிரும்."

யாருடைய கவனக்குறைவு? தொட்டால் ஷாக் அடிக்கிற மிஷினை ஓட்டச் சொன்னவன் கவனம் எங்கே போச்சு, மேயப் போச்சா? இந்த மனுஷன் செத்ததும் இல்லாம, பழியையும் அவரே சுமக்கணுமா? எந்திரிச்சுப் போயான்னு சொல்லிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மின் ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்து நானும் பிரஸ்ஸுக்குப் போனேன். அந்த மிஷினில் கசிகிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் வயர் பச்சைப் பசேலென்று இருந்தது. மற்ற வயரில் எல்லாம் மையும் தூசியும் அப்பிக் கிடக்க, இதில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அட பாவிகளா, ஆளைக் கொன்னுட்டு மாட்டியிருக்கீகளே!

காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேல்விழி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "இந்த வயரு அன்னைக்கு இல்ல சார். ஷாக் அடிக்குதுன்னு ஒரு வாரமாச் சொன்னோம். சீசன் முடியட்டும்னாக."

மேனேஜர் முறைத்தார். அவள் தலையைக் குனியவில்லை. ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 5, சனி

வேல்விழியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நாசமாப் போவாங்க.

அக்டோபர் 7, திங்கள்

மூன்று வாரம் கழித்துப் பட்டாசு கம்பெனிக்குப் போனேன். செருப்பை விட்டேன். தகட்டைத் தொட நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் தொட்டிருக்கிறேன், இதன் வயர் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மண்ணுக்கு ஒரு முழம் மேலேயே அறுந்து தொங்குகிறது. முனையில் களிம்பு ஏறிக் கிடக்கிறது. என்றைக்கு அறுந்ததோ.

போர்மேன் வந்தார். "என்னம்மா, தீவாளி லோடு அம்புட்டும் கிடக்கு. உள்ள போங்க."

"இத மண்ணுல பதிங்க. பெறகு போறோம்."

அந்த அறையில் வேலை பார்க்கிற பதினெட்டுப் பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பதினொன்றரை மணிக்கு எலக்ட்ரீசியன் கம்பியும் கடப்பாறையுமாக வந்தார். குழி தோண்டி, வயரை இறுக்கி, மண்ணை மூடுகிற வரைக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன்.