டார்பிடோப் பெட்டி ஓடிவிட்டது, அத்தான்

என் பிரியத்துக்குரிய ஜெரால்டு அத்தான்,

நீங்கள் பழுதுபார்த்துப் பாதியில் விட்டுப் போன பெட்டி நேற்று ஓடிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ அல் குசைஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து முவைலா ரூமுக்கு வந்து சேரவே தெம்பில்லை.

பழைய நீர்மூழ்கியிலிருந்து கழற்றிய அந்த இரும்புப் பெட்டியை, பழம்பொருள் சேர்க்கிற அரபி ஒருவர் கொண்டுவந்து இறக்கிய நாள் நினைவிருக்கிறதா? எங்களுக்கெல்லாம் அது காயலான்கடைச் சரக்கு. கடற்படையில் அதே மாதிரிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. "கம்ப்யூட்டர் மாப்ள இது! சிப்பு கிப்பு ஒண்ணும் கெடையாது, பூரா பல்சக்கரம்தான்" என்றீர்கள். எதிரிக் கப்பலின் வேகம், தூரம், கோணம் மூன்றையும் கைப்பிடியால் திருகிக் கொடுத்தால், நாம் விடுகிற டார்பிடோ குண்டு போய்ச் சேரும்போது கப்பல் எங்கே இருக்கும் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும்.

நான் கோணத்தைத் தப்பாகவே போட்டேன். எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் என் கண்ணுக்கு வலப்பக்கமாகத் தெரிகிறதே, அதனால் வலம் என்றே திருகுவேன். அப்படிச் சுட்டால் டார்பிடோ கப்பலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போகும். "நீ ஒக்காந்திருக்க எடத்துலேருந்து பாக்காத மாப்ள. அந்தக் கப்பல்ல ஏறி நின்னு பாரு" என்று கத்துவீர்கள்.

அப்போது உங்களுக்கு ஊருக்குப் போக லீவு பாஸாகியிருந்தது. "பெட்டி முடியட்டும் அத்தான், ஒரே ஒரு மாசம். நீங்க போயிட்டா நான் மாட்டிக்குவேன்" என்று கெஞ்சியது நான். நீங்களும் தள்ளிப்போட்டீர்கள். மூன்றாவது வாரம், டியூட்டியில், பெட்டி மேல் கை வைத்தபடியே சாய்ந்தீர்கள்.

அக்காவிடம் என் பெயரை ஏன் சொல்லவில்லை? "வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னீர்களாமே. வெள்ளிக்கிழமைதோறும் போனில் அவளுக்கு அதே பேச்சுதான். "எங்களவிட அந்த இரும்புதான் அவருக்குப் பெருசாப் போச்சு, இல்லியா தம்பி?" ஊரிலிருக்கும் உங்கள் கல்லறைக்கு அவள் போவதே இல்லையாம். நான் "விடுக்கா" என்று பேச்சை மாற்றுகிறேன். பயம்தான். எனக்கென்று மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதானே.

நேற்றும், நீங்கள் எழுதிவைத்த சோதனைக் கணக்குக்கு விடை வரவில்லை. "ஜல்தி கரோ பாய்" என்று அவசரப்படுத்தி சூப்பர்வைசர் உயிரை எடுத்தார். கண்ணை மூடி, அந்தக் கப்பலில் ஏறி நின்று பார்த்துத் திருகினேன். முள் உங்கள் எண்ணில் வந்து நின்றது. "கலாஸ்! முடிஞ்சுது!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அக்கா நிற்கிற இடத்தில் ஒரு நாளாவது நின்று பார்த்தேனா? அங்கிருந்து பார்த்தால், நீங்கள் வீட்டுக்கு வர மனமில்லாமல் செத்துப்போன மனிதர்.

அலுத்துவிட்டது அத்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை வரை தள்ள மாட்டேன். இதை எழுதி முடித்ததும் கூப்பிடுவேன். அவர் புறப்பட நின்றார், நிறுத்தியது நான்தான் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் போகலாம். ஆனால் உங்கள் கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தியோடு வருவாள்.

உங்கள் மச்சினன்,
அந்தோணி