சவுக்குத்தோப்புக் கரையின் முதல் கடை

அக்கா,

இன்று காலை அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில் ஈரச் சவுக்கு விறகு புகைந்துகொண்டிருந்தது. கையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

கல்யாணமான புதிதில் மாமாவுக்குச் சவுக்குத்தோப்பில் காவல் வேலை கிடைத்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து இருவரும் மரக்காணம் தாண்டி அந்தக் கடற்கரைக்குப் போனீர்கள். அப்போது அங்கே தோப்பும், வலை காயும் மணலும், நாலு கட்டுமரமும்தான். மீனவர்களுக்காக நீ ஓலைக் கொட்டகை போட்டு டீயும் இட்லியும் விற்றாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் குடும்பங்கள் வந்தன. முதுகுப் பையோடு வந்த வெள்ளைக்காரர்கள் உன் கொட்டகை நிழலில் படுத்தார்கள். "இட்லிக்குச் சக்கரை கேக்குறாங்கடா தம்பி" என்று சிரிப்பாய். உன்னைப் பார்த்து இன்னும் ஆறேழு கடைகள் வந்தன. அதற்கப்புறம் நாலு அறையோடு ஒரு லாட்ஜ். அந்த ஊரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியது அப்படித்தான். மாமா இறந்த பிறகும் நீ அங்கேயே இருந்தாய்.

பெரிய ரிசார்ட் வருகிறது, கரையோரக் கடைகளைக் காலி செய்யச் சம்மதம் வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தபோது எனக்குப் போன் செய்தாய். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்பது உன் நம்பிக்கை.

"மத்தவங்க யாரும் கையெழுத்து போட மாட்டேன்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"எப்படியும் எடுத்துடுவாங்கக்கா. தகராறு வேணாம். போட்டுட்டு இங்க வந்துடு."

அந்த நோட்டீஸை நான் நேரில் வந்து படித்துக்கூடப் பார்க்கவில்லை. நீ போட்டுவிட்டாய். போடாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்து ரோட்டோரம் வரிசையாகக் கடை கட்டிக் கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று என் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாய். "அப்படியா" என்றாய். களைவதை நிறுத்தவில்லை.

ஒருமுறை பார்க்கணும் என்றாய். அழைத்துப் போனேன். தோப்பு இருந்த இடத்தில் புல்தரை, நீளச் சுவர். வாசலில் காவலாளி மறித்தான்.

"ரூம் எடுத்திருக்கீங்களாம்மா?"

"இங்கதாம்பா என் கடை இருந்துச்சு."

"கடலைப் பாக்கணும்னா அந்தப் பக்கமா சுத்திப் போங்கம்மா."

மரியாதையாகத்தான் சொன்னான். நீ சுற்றிப் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தாய். பஸ் திண்டிவனம் தாண்டியதும், நான் கேட்காமலே, "நீ நல்லதுக்குத்தான் சொன்ன. விடு தம்பி" என்றாய். திட்டியிருக்கலாம் அக்கா.

நேற்று ஒரு பெண் தன் நிலத்தைக் கொடுக்கச் சம்மதம் கேட்டு வந்த தாளை நீட்டி, "கையெழுத்து போட்டுடலாமாண்ணா?" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்துக் காட்டினேன். மறுபடியும் கேட்டாள். போடு என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன்.