ஒரு தடவை சொன்னால் போதும்

இன்று காலை என் கையில் ஊசி ஏறியது. நம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். நாள் முழுக்க அந்த வாடைக்குள்தான் இருக்கிறேன். பிறர் கையைத் துடைக்கும்போது தெரியாத வாடை என் கையைத் துடைத்ததும் தெரிந்தது. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

"கடைசியா எப்பக்கா டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"போன வருஷம்" என்றேன்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். வாரம் தவறாமல் என் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதை முழுதாக அறிந்தவள் நீ ஒருத்திதான். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு எழுதத் தோன்றுகிறது.

என் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மாதமாக ஓயாத அசதி என்று வீரகேரளம்புதூரிலிருந்து பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தார். "மக ரத்தம் பாக்கிற இடத்துல இருக்கா, வேற எங்கன போவேன்" என்று உன்னிடம் பெருமையாகச் சொல்லிக் கையை நீட்டினார். ரத்தம் எடுத்தவள் நீ. அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவள் நான். சிறிதாக, முதிர்ந்து இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் பெரிது பெரிதாக, பக்குவப்படாமல், தகடு முழுக்கக் கிடந்தன. அது ரத்தப் புற்றுநோய் என்று புரிய எனக்கு மருத்துவர் தேவைப்படவில்லை. வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவர் இல்லை.

துக்கம் எல்லோருக்கும் வருவதுபோல எனக்கும் வந்தது, கொஞ்சங் கொஞ்சமாக ஆறவும் செய்தது. ஆனால் அதன் கூடவே வந்த பயம் ஆறவில்லை. பல் தேய்க்கும்போது ஈறில் துளி ரத்தம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். படியேறி மூச்சு வாங்கினால் அப்பாவின் அசதி நினைவுக்கு வரும். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் என் ரத்தத்தை நானே எடுத்து இயந்திரத்தில் வைப்பேன். எண்கள் சரியாக இருக்கும். அந்த நிம்மதி இரண்டு நாள் தாங்கும். பிறகு, இயந்திரத்தில் கோளாறு இருந்திருக்குமோ என்று தோன்றும். மறுபடியும் எடுப்பேன்.

அத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. என் மகள் ஜெனிஷாவுக்கு அப்போது எட்டு வயது. அவள் அப்பா துபாயில். வீட்டில் நானும் அவளும்தான். விளையாடிவிட்டு வந்தவள் ஒரு நாள் முழங்காலில் கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டினாள். மறுநாளே ஆய்வகத்துக்குக் கூட்டிவந்து ரத்தம் எடுத்தேன். பிறகு ஒரு சளிக்கு எடுத்தேன். பிறகு சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று எடுத்தேன். பிள்ளையின் நரம்பு மெலிசு. ஊசி போட்ட இடங்கள் நீலமாகக் கன்றின. அந்த நீலத்தைப் பார்த்து, ரத்தம் உறையாமல் போகிறதோ என்று பயந்து இன்னொரு முறையும் எடுத்தேன்.

நீ பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த மதியம் எனக்கு மறக்காது. நான் பிள்ளையின் பெயரை மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். வயதை மாற்ற மறந்துவிட்டேன்.

"எட்டு வயசுப் பிள்ளை ஒரே மாசத்துல நாலு தடவ வந்திருக்கு. யாருட்டி இது?" என்றாய்.

நீ நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாய்.

"ஜெனிக்குட்டி நேத்து ஸ்கூல் விட்டு இங்கன வந்தால்லா? வெயில்ல முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தா. ஏன்னு கேட்டேன். டீச்சர் 'யாரு அடிச்சா'ன்னு கேட்டாங்களாம். யாருமில்லன்னுட்டு ஸ்வெட்டர் போட ஆரம்பிச்சிருக்கா. உன்னைக் காட்டிக்குடுக்கல."

எனக்கு முகம் எரிந்தது. "எம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட வேண்டாமா? நான் பாக்காம வேற யாரு பாப்பா?" என்றேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு நாலு தடவ தெரிஞ்சாச்சே. ஒனக்குத்தான் சரியில்ல."

அந்த வார்த்தைக்காக நான் உன்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் என் ஆத்திரத்தின் உண்மையான காரணத்தைச் சொன்னேன். "நீ விசுவாசி. எனக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லாமச் சொல்லுத. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயும் அதைத்தான் சொல்லுதாங்க. கவலைப்படுதது பாவமாம். பயமும் போகல, பாவமும் சேருது."

நீ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாய். அப்படியே மூடிவைத்தாய்.

"பயந்தா பாவம்னு யாருட்டி சொன்னா? ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல வேர்த்துக் கொட்டிக்கிட்டு முழங்கால்ல நின்னாருல்லா. தனியா இருக்க முடியாம சீஷங்க மூணு பேரக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அவனுக தூங்கிட்டானுக, அது வேற கதை."

பிறப்பிலிருந்து சபைக்குப் போகிறவள் நான். கெத்செமனே தோட்டத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவருக்கும் துணை வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

நீ எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. செங்கோட்டையில் உன் அம்மாவுக்குத் துணை ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, விடுப்பு எடுத்து, என்னைத் திருநெல்வேலிக்கு ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாய். பஸ்ஸில் நான், "ஜெபம் பண்ணினா போதாதா" என்று கேட்டேன். "சுகர்காரங்க ஜெபமும் பண்ணுதாங்க, மாத்திரையும் போடுதாங்க. ரெண்டுக்கும் என்ன சண்டை?" என்றுவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாய். மருத்துவர் நிதானமானவர். என் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், இனி என் ரத்தத்தையோ பிள்ளையின் ரத்தத்தையோ நானாக எடுத்துப் பார்க்கக் கூடாது என்றார்.

மறுநாளிலிருந்து நம் மதியச் சாப்பாடு மாறியது. சாம்பிள் வைக்கும் அறையில் குளிர்பெட்டி ரீங்காரம் போட, இரண்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். நீ கேட்பாய்: "இன்னைக்குள்ள பயம் என்ன?" நாளைக்கு உள்ளதைச் சொல்லக் கூடாது, போன வாரத்ததையும் சொல்லக் கூடாது. நான் கண்ணை மூடி ஆண்டவரிடம் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் முறையும் தொடங்கினால் நீ "ஆமென்" சொல்லி நிறுத்திவிடுவாய். "ஒரு தடவ சொன்னாப் போதும்ட்டி. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்." பிறகு கூட்டுக்குழம்பை என் பாத்திரத்தில் ஊற்றுவாய்.

முதல் நாட்களில் அது பயத்தைக் குறைக்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னதும் அதற்கு ஓர் அளவு வந்தது. உள்ளே கிடக்கும்போது ஊரளவு இருந்தது, சொல்லி முடித்ததும் ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு வரும் நோயாளியைப் பார்க்கப் போக முடிந்தது. ஜெபம் என்றால் நல்ல வார்த்தைகளாகத் தேடிச் சொல்வது என்று நாற்பது வயது வரை நினைத்திருந்தேன்.

ஜெனிஷாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றாய். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை, சாரல் நன்றாகப் பிடித்திருந்த நாளில், மூன்று பேரும் குற்றாலத்துக்குப் போனோம். அருவிக்குப் போகும் வழியில் கடையோரம் நின்று அவளிடம் சொன்னேன்.

"அம்மாவுக்குப் பயம் வந்துட்டு. அதனாலதான் உனக்கு ஊசி போட்டேன். உனக்கு நோய் ஒண்ணும் இல்ல. இனிமே போட மாட்டேன்."

அவள் என்னை நம்பவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். "நிசமாத்தான்" என்று நீ சொன்ன பிறகுதான் தலையாட்டினாள்.

அருவியில் பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். தண்ணீர் அளவாகத்தான் விழுந்தது, போலீஸ்காரப் பெண் ஒருவர் விசில் ஊதி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் என் மனம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மேலிருந்து கல் விழுந்தால், வழுக்கினால், காய்ச்சல் வந்தால். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டாய். சொன்னேன், மனதுக்குள், ஒரே ஒரு முறை. ஜெனிஷாவின் கையை விட்டேன். அவள் தண்ணீருக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் நனைந்து, கண்ணைத் திறக்க முடியாமல் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீயும் வா" என்று ஸ்வெட்டர் இல்லாத கையை என்னை நோக்கி நீட்டினாள். ஊசி போட்ட அந்த மாதத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் கையை நீட்டியதே இல்லை. நான் சேலையோடு உள்ளே போனேன். நீயும் வந்தாய். மூன்று பேரும் நடுங்கிக்கொண்டே சூடான மிளகாய் பஜ்ஜி தின்றோம்.

அடுத்த மாதமே சோதனை வந்தது. ஜெனிஷாவுக்கு நிஜமாகவே காய்ச்சல். மருத்துவர் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல்தான், மூன்று நாள் பொறுப்போம், இப்போதைக்கு ரத்தம் வேண்டாம் என்றார். ஊசி என் பையிலேயே இருந்தது. இரண்டாம் நாள் மதியம் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உனக்குப் போன் செய்தேன். நீ ஆட்டோ பிடித்து வந்தாய். ஒன்றும் பேசாமல் ஊசியை எடுத்து உன் பைக்குள் போட்டுக்கொண்டாய். பிள்ளைக்குக் கஞ்சி வைத்தாய். என்னையும் குடிக்கச் சொன்னாய். நாலாம் நாள் காலை அவள் வேர்த்துக் குளித்து எழுந்து தோசை கேட்டாள். அன்றைக்கு நான் அழுததை நீ மட்டும் பார்த்தாய்.

மாத்திரையை ஒன்றரை வருஷத்தில் மருத்துவரே படிப்படியாக நிறுத்தினார். நம் மதிய ஸ்டூல்கள் மட்டும் நிற்கவில்லை. அந்தச் சில வருஷங்களை நினைத்தால் சிரிப்பும் குழம்பு வாசனையுமாகத்தான் நினைவில் இருக்கிறது.

பிறகு உன் முறை வந்தது. மார்பில் கட்டி. நீயே கண்டுபிடித்து, நீயே போய்க் காட்டி, முடிவு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன் சபை ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்று பாடி ஜெபித்தார்கள். நீ எல்லோரையும் பார்த்துச் சிரித்தாய். ஒருவர், "சிஸ்டர் முகத்துல என்ன சமாதானம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் போனதும் கதவைச் சாத்தச் சொன்னாய்.

"எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாய்.

நான் கதவருகிலிருந்து திரும்பி வந்தேன்.

"அவங்ககிட்டச் சொன்னா, நீயே இப்படிச் சொல்லலாமான்னு கேப்பாங்க. நீ கேக்க மாட்டல்லா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "இன்னைக்குள்ள பயம் என்ன?" என்றேன்.

நீ யோசித்தாய். சாவு என்று சொல்வாய் என்று நினைத்தேன். "மயக்க மருந்து குடுக்க மூஞ்சில ஒண்ணு வப்பாங்கல்லா, அது. மூச்சு முட்டிருமோன்னு இருக்கு" என்றாய். அதை நான் ஆண்டவரிடம் சொன்னேன். ஒரு தடவை. நீ "ஆமென்" என்றாய். உன் கை ஜில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் சூடு வந்தது. "திங்க ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டாய்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் எங்களோடு இருந்தாய். அதில் ஏழு மாதம் வேலைக்கும் வந்தாய். கடைசியில் செங்கோட்டை வீட்டில் படுத்துவிட்டபோது, வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவேன். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மாலை ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் கிடந்தது. நான் வழக்கம்போலக் கேட்டேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லட்டி" என்றாய்.

அது என்னை ஏமாற்றச் சொன்னதல்ல. உன் முகத்தை எனக்குத் தெரியாதா? மூன்றாம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

ஜெனிஷா இப்போது நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எனக்குப் பயம் இன்னும் வருகிறது. முன்பு அது வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இப்போது வருகிறது, சொல்கிறேன், நேரம் ஆனதும் போய்விடுகிறது. போகாத நாளிலும் நான் வேலைக்குப் போய்விடுகிறேன்.

போன மாதம் சபையில் பெண்கள் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் பயத்தை எப்படி எடுத்துப்போட்டார் என்று சொல்லும்படி கேட்டார்கள். எழுந்து நின்றேன். "எடுத்துப்போடல. நான் பயப்படும்போது அவர் என்னை விட்டு எந்திரிச்சுப் போகல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதையும் ஒரு சிநேகிதி சொல்லித்தான் தெரியும்" என்றேன். கூட்டத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வாசல் பக்கம் எனக்காக நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு வீட்டுக்குப் போக நேரமாகுதோ?" என்றாள்.

"இல்ல, வா" என்றேன்.

சுருட்டப்போன பாயொன்றை மறுபடி விரித்து உட்கார்ந்தோம். அவள் தன் பயத்தைச் சொல்லத் தொடங்கினாள். நான் அவசரப்படுத்தவில்லை. எனக்கு அன்றைக்கு எந்தப் பயமும் இல்லை.