படையல் டொக்டரும் பிரிக்காத மூன்று கடிதங்களும்

என் அன்பு மச்சான் குலம்,

ஆவிக்குள் நின்று எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். உண்மையில் ஆராவ் நகரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் யன்னல்வரை ஏறிவிட்டது. எதிர்வீடு இல்லை, மரம் இல்லை, பஸ் தரிப்பிடம் இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் நீ இல்லை என்பதும் எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிவதில்லை.

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் ஆயுதங்களைக் கழுவி, கிருமி நீக்கி, பொதி செய்து அனுப்பும் அதே நிலக்கீழ் அறையில்தான் நான் இன்னும் வேலை செய்கிறேன். அந்தப் பெரிய கழுவும் இயந்திரமும் அதேதான், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவோடு. இரத்தத்தோடு வரும் தட்டுகளை நீ அந்தப் பக்கத்தால் ஏற்றுவாய், கழுவி முடிந்ததை நான் இந்தப் பக்கத்தால் எடுப்பேன். பதினெட்டு வருடமாக உன் முகத்தை அந்தக் கண்ணாடிகளுக்கூடாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன் இடத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். கதவுக்குள் ஆவி எழும்பும்போது, முன்பு நான் நின்ற இடத்தில் நீ நிற்கிறாய். தலையில் அந்த நீலத் தொப்பி, வழக்கம்போல ஒரு காது வெளியே. இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் என்னை விடுமுறையில் அனுப்பிவிடுவார்கள்.

சரி, செய்திக்கு வருகிறேன். உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இரத்தத்தில் ஒரு அளவு கூடியிருக்கிறது என்றார் குடும்ப டொக்டர். பிறகு படம் எடுத்தார்கள், ஊசியால் சின்னச் சின்னத் துண்டு எடுத்தார்கள். சின்னதுதான், மெதுவாக வளர்கிற வகை என்றார்கள். எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போக விருப்பம் என்று கேட்டபோது, இரண்டாவது தரம் கேட்க வைக்காமல் சொன்னேன். படையல் டொக்டரைத்தான் சொன்னேன்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவன் நீதானே! தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாய். பத்து மணித் தேத்தண்ணிக்கு வந்ததும் உன் முதல் கதை அதுதான். "இண்டைக்குப் படையல் வந்தது மச்சான். ஒரு கத்தரிக்கோல்கூடக் குறுக்கால கிடக்கேல்லை. சாமிக்கு வைக்கிற மாதிரி அடுக்கி அனுப்பியிருக்கிறார்." இன்னொருவருக்குச் சந்தை என்று பெயர் வைத்தாய், அவருடைய தட்டில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து வரும். "என்னை வெட்ட வேண்டி வந்தா நான் படையலிட்டைத்தான் போவன்" என்று சொல்லிச் சிரிப்பாய். ஆனால் நீ யாரிடமும் போகவில்லை.

மலர் என்னோடு வந்தாள். என் மனுசியை உனக்குத் தெரியும், முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வயதான ஆண்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள். நான் வாய்க்குள் மென்று விழுங்குகிற சொற்களையெல்லாம் அவள் சுவிஸ் ஜெர்மனில் சத்தமாகச் சொன்னாள். ஒப்பரேசன் செய்தால் சிறுநீர் கட்டுப்படாமல் போகுமா? உங்களிடம் வெட்டுவித்தவர்களில் ஒரு வருடத்துக்குப் பிறகும் சிறுநீருக்குப் பஞ்சுப் பாட் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? கட்டிலில் எங்களுக்குள் இருப்பது என்னவாகும்? வருடத்துக்கு இதைப் போல எத்தனை செய்கிறீர்கள்? நான் சுவரில் இருந்த மலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குலம். காது சுட்டது.

அவர் ஒன்றையும் மழுப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் சொன்னார், நல்லதாக இல்லாத எண்ணையும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏன் என்னைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டார். கழுவும் அறையில் பழகிய என்னுடைய ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உங்கள் தட்டுகளைக் கழுவுகிறவன், நீங்கள் ஒப்பரேசன் செய்யும் ரோபோவின் கைகளையும் நாங்கள்தான் கழுவுகிறோம், உங்கள் தட்டு மாதிரி ஒழுங்கான தட்டு இந்தக் கட்டடத்திலேயே இல்லை, உங்களுக்கு நாங்கள் ஒரு பெயரும் வைத்திருக்கிறோம் என்றேன்.

மனுசன் கதிரையில் சாய்ந்து சிரித்தார். அது நான் இல்லை, ரோஸ்மரி என்றார். ஆயுதம் எடுத்துக் கொடுக்கிற நேர்ஸ். ஒப்பரேசன் முடிந்ததும் நான் கையுறையைக் கழற்றி எங்கேயாவது போட்டுவிட்டுப் போய்விடுவேன், அடுக்கி அனுப்புவது முழுக்க அவள்தான் என்றார். வீட்டில் அவர் சாவி தேடாத நாளே இல்லையாம்.

பதினெட்டு வருடம், மச்சான். ஒரு டொக்டரின் கையைப் படிக்கிறோம் என்று நினைத்து ஒரு நேர்ஸின் கையைப் படித்திருக்கிறோம்! உனக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நீ சிரிக்கிற சிரிப்பு கேட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. உங்களுடையதை இப்போதே வெட்ட வேண்டியதில்லை. வெட்டலாம், கதிர்ச் சிகிச்சை செய்யலாம், கண்காணித்துக்கொண்டும் இருக்கலாம். மூன்றும் உங்களுக்குச் சரியான வழிகள்தான். கதிர்ச் சிகிச்சை டொக்டரிடமும் கதையுங்கள், அவசரமில்லை, வீட்டுக்குப் போய் யோசியுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெட்டுங்கள் என்று சொல்லத்தானே போனேன்.

கதிர்ச் சிகிச்சை டொக்டர் ஒரு பெண், மெல்லிய குரல். நாளுக்குச் சில நிமிடம் படுக்க வேண்டும், சில வாரம் தொடர்ந்து வர வேண்டும், வலிக்காது, ஆனால் குடலும் சிறுநீர்ப்பையும் கொஞ்சம் குழம்பலாம் என்றாள். அந்த இயந்திரத்தையும் காட்டினாள். வெள்ளையாக, சத்தமில்லாமல், தூங்குகிற மாதிரி நின்றது. அதன் கீழ் படுத்துக் கண்ணை மூடினால் எங்கேயோ மிதக்கலாம் போலிருந்தது. என்றாலும் என் மனம் கத்தியிடமே திரும்பத் திரும்பப் போனது.

ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கும் இதையேதானே சொன்னார்கள்.

தேத்தண்ணி மேசையில், பாணைப் பிய்த்துக்கொண்டு, ஏதோ காலநிலை சொல்வது மாதிரிச் சொன்னாய். "கொஞ்சம் இருக்காம் மச்சான். ஒண்டும் செய்யத் தேவையில்லையாம். பாத்துக்கொண்டிருப்பமாம்." நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "அப்ப பயமில்லை. விடு." அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. உன்னை நான் மறுபடி கேட்கவில்லை. டொக்டரிடம் போகாமலிருக்க ஒரு சாட்டுத் தேடி நீ என்னிடம் வந்தாய், நான் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாக நான் எந்தத் தட்டைக் கழுவினாலும் அந்த "விடு" கழுவப்படுவதில்லை.

நீ போன பிறகு உன் வேலையிட அலுமாரியை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். உடுப்பு, செருப்பு, ஒரு பிள்ளையார் படம். அடியில் டொக்டரிடமிருந்து வந்த மூன்று கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல். மற்றவற்றை உன் மனைவி பவாவிடம் கொடுத்தேன். கடிதங்களைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் பனிக்காலச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு மலர் கேட்டாள். "ஏனப்பா வெட்டத்தான் வேணுமெண்டு நிக்கிறியள்? டொக்டரே அவசரமில்லை எண்டுறார்."

"குலமும் பாத்துக்கொண்டுதானே இருந்தவன். பாத்துக்கொண்டிருந்துதானே போனவன்."

நான் போய்ச் சப்பாத்துப் பெட்டியை எடுத்து வந்தேன். மேசையில் வைத்து, அந்த "விடு" உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன், மச்சான், வெட்கமில்லாமல் அழுதேன். அவள் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்றிலும் ஒரே விஷயம்தான் இருந்தது. இரத்தம் பார்க்க வாருங்கள், இன்ன நாள், இன்ன நேரம்.

"குலமண்ணை பாத்துக்கொண்டிருக்கேல்லை" என்றாள் மலர். "அவர் பாக்கப் பயந்து இருந்தவர். பாவம் மனுசன். நீங்கள் அப்பிடி இருக்க நான் விடமாட்டன்."

"அப்ப அந்த டொக்டரை நம்பலாமெண்டுறீரோ? தட்டே அவரின்ரை இல்லையே."

"தட்டு தன்ரை எண்டு சொல்லியிருக்கலாமெல்லோ? சொல்லேல்லையே. உங்களை வெட்டியும் இருக்கலாம். வெட்டேல்லை. எனக்கு அது போதும்."

அவள் சொன்னது சரியா, குலம்? நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்? இரண்டு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டேன். ஆவி கலைந்தது, கூடியது, நீ தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாய். மூன்றாம் நாள் டொக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதைக்குக் கத்தி இல்லை. சில மாதத்துக்கு ஒரு தரம் இரத்தம், பிறகு மறுபடி படம், தேவைப்பட்டால் மறுபடி ஊசி. அளவு ஏறினால் அவரே வெட்டட்டும். ஆனால் ரோஸ்மரி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். போகவில்லை. காலையில் பல் தீட்டும்போது வருகிறது, ரயிலில் பக்கத்து இருக்கையில் வந்து இருக்கிறது. அதோடு சேர்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன்.

இன்று காலை என் முதல் கடிதம் வந்தது. கீழே கடிதப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, பனிக்குள் நின்று பிரித்தேன். வியாழக்கிழமை, காலை எட்டே கால். குளிர்சாதனப் பெட்டியில் மலர் அதை ஒட்டிவிட்டாள். அதற்குக் கீழே உன்னுடைய மூன்றையும் நான் ஒட்டியிருக்கிறேன்.

நாளைக்கு அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு பவாவிடம் போவேன். நான் சொன்ன சொல்லையும் சொல்வேன். அவள் என்னை ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். வியாழக்கிழமை எட்டே காலுக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருப்பேன், அதற்கு அடுத்த முறையும், அதற்கு அடுத்த முறையும். நீ போகாத மூன்று நாளுக்கும் சேர்த்துப் போவேன், மச்சான். இது உனக்குத் தரும் வாக்கு. யாராவது என்னிடம் "விடு" என்று சொன்னாலும் போவேன்.

இரத்த உறவு ஒன்றுமில்லாமலே நீ மச்சான் என்று கூப்பிட்டவன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
நேசன்