வெள்ளையில் ஏறச் சொன்னது நான்தான்

என் செல்லக் கூட்டாளி ஜெயந்திக்கு,

உன் மகள் திவ்யா வந்துவிட்டுப் போய்விட்டாள். டயகமைக்குத்தான், நம் தோட்டத்து லயத்துக்குத்தான், நாம் பிறந்த அதே வரிசை வீட்டுக்கு. உன் உயரம் இல்லை, ஆனால் வாய் அப்படியே உன் வாய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "சித்தி, பனி எங்க?" என்று கேட்டாள். பனி என்ன, கடையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற சாமானா? முதலில் வந்து டீயைக் குடிடி என்றேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன். அதுவும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போக உனக்கே விளங்கும். "இவளுக்கு எதையும் சுருக்கமாச் சொல்ல வராது" என்று நீ சலித்துக்கொள்வாய். சலித்துக்கொள். எனக்கும் இதை ஒரே மூச்சில் சொல்லத் தைரியம் இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. இந்தத் தையிலும் மழை. மார்கழி முடிகிற நேரத்தில் வானம் வெளுத்து, பகலில் சுள்ளென்று வெயிலும் விடியலில் வெள்ளைப் பனியுமாக இருக்குமே, அந்தக் காலம் இப்போது வருகிற நேரத்துக்கு வருவதில்லை. பொங்கலைத் தாழ்வாரத் தகரத்துக்கு அடியில் வைத்துப் பொங்கினோம். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. இரவில் மழை வலுத்தால் மண் சரிந்துவிடும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலையில் போய்ப் படுக்கிறோம். பிறகு திடீரென்று ஒரு நாள், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பனி விழுகிறது. மழையில் துளிர்த்த தேயிலைக் கொழுந்து அப்படியே கருகிப்போகிறது. நான் இன்னும் பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகும்போது, ஒவ்வொருத்தி முகமும் வானத்தைத்தான் பார்க்கிறது.

நமக்குப் பனி என்றால் திருவிழா இல்லையா? பெரியவர்கள் வயிற்றெரிச்சலோடு பெரட்டுக்குப் போவார்கள், காலையில் பேர் கொடுத்து வேலை வாங்க வரிசையில் நிற்பார்கள். நாம் உரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்து மேட்டுக்கு ஓடுவோம். புல் முழுக்க வெள்ளை. சாக்கை விரித்து முன்னால் நீ, பின்னால் நான். உன் அம்மா கீழே இருந்து கத்துவார்: "கொழுந்து கருகிக் கெடக்கு, இதுகளுக்கு ஆட்டத்தப் பாரு! மூதேவிகளா, எறங்குங்கடி!" இறங்கத்தானே போகிறோம், சாக்கில்!

அந்த மேட்டில் நமக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வெள்ளையாக இருந்தால் கெட்டி, ஏறலாம். கறுப்பாக இருந்தால் கீழே ஊற்றுத் தண்ணீர், சேறு, கிட்டவே போகக் கூடாது. ஒரு தடவை நீ கறுப்பில் காலை வைத்து, முழங்கால் வரை இறங்கி, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் அடி வாங்கினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சாக்கில் உட்காருவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் கத்துவோம், "வெள்ளையில ஏறு!" இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாமே விழுந்து எழுந்து கண்டுபிடித்தது. அதனால்தானோ என்னவோ, அது பொய்யாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கனடாவுக்குக் கல்யாணம் முடித்துப் போனவள், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஐஸில் சறுக்குகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனில் வந்து நின்றாயே, நான் சிரித்த சிரிப்பு மேட்டு லயம் வரைக்கும் கேட்டிருக்கும். பூங்காவில் தெருக்காரர்கள் சேர்ந்து, குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த ஐஸ் மைதானம். முதல் வருஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாய். மூன்றாம் வருஷம் மட்டையோடு வந்தாய். "கலா, நான் ஹாக்கி டீம்ல சேந்துட்டேன்டி! எல்லாம் என்னை மாதிரி புள்ள பெத்த ஆளுங்கதான். உரச் சாக்கு சறுக்குறதுக்கு ஒரு போட்டி வச்சிருந்தாங்கன்னா நம்ம ரெண்டு பேரும் எங்கயோ போயிருப்போம்டி." நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் போட்டோவில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் உன் பேச்செல்லாம் புலம்பல். "ராத்திரி ஊத்துறோம், விடிஞ்சா கொளமா நிக்குது. நடு ஜனவரியில மழை பெய்யுதுடி, இங்க! சின்னப் பசங்க மட்டையைத் தூக்கிட்டு வந்து பாத்துட்டுப் பாத்துட்டுப் போறாங்க, பாக்கவே பாவமா இருக்கு." எங்களுக்கும் அப்படித்தான், இங்கேயும் ஜனவரி மழை என்றேன். உலகத்துக்கெல்லாம் ஒரே வானம், அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த தெரு டீமோடு வருஷா வருஷம் நடக்கிற ஆட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நாலு நாள் நல்ல குளிர். பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற நிஜக் குளம் உறைந்துவிட்டது, இந்தத் தடவை குளத்தில் விளையாடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இனித்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்த இடம்.

அந்தச் சனிக்கிழமை உனக்குக் காலை, எனக்கு அந்தி. பிள்ளைக்காம்பரா வாசலில்தானே கொஞ்சமாவது சிக்னல் கிடைக்கும், அங்கே நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு முன்னால் போய் இடத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று மண்வெட்டி மாதிரி ஒன்றோடு நீ குளக்கரையில் நின்றாய். போனைத் திருப்பிக் காட்டினாய்.

"இந்தப் பக்கம் பாரு, கண்ணாடி மாதிரி கறுப்பா இருக்கு. கீழ எலை கெடக்கறதுகூட தெரியுது. அந்தப் பக்கம் நல்லா வெள்ளையா இருக்கு. எந்தப் பக்கமா எறங்கட்டும், சொல்லு?"

"இதென்னடி கேள்வி? வெள்ளையில ஏறு!"

"ஆமால்ல!" என்று சிரித்தாய். படம் ஆடியது. உன் சப்பாத்து தெரிந்தது, வெள்ளை தெரிந்தது. பிறகு திரை நின்றுவிட்டது. நான் இரண்டு தடவை அழைத்துப் பார்த்தேன். டயகமையில் சிக்னல் போவது புதுசா? சனியன் பிடித்த சிக்னல் என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ரொட்டி சுட்டேன். நீ தண்ணீருக்குள் இருந்தாய். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னை வெளியே இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை என்று மறுநாள் உன் வீட்டுக்காரர் அழைத்துச் சொன்னார். காரியம் எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, ஒரு மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது போனில் தேடிப் பார்த்தேன். குளத்து ஐஸில் கண்ணாடி மாதிரி தெளிவாக, கறுப்பாகத் தெரிவதுதான் கெட்டியாம். வெள்ளையாக இருப்பது உருகி, மழையும் பனியும் கலந்து, திரும்ப உறைந்தது, உள்ளே பொக்கையாம். குளிர் விட்டு விட்டு வருகிற வருஷங்களில் அந்த வெள்ளைதான் அதிகமாம். படித்துவிட்டு அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ அதுவரை குழாயில் ஊற்றின ஐஸில்தானே ஆடியிருந்தாய். குளம் உனக்கும் புதுசு, எனக்கும் புதுசு. இரண்டு மடைச்சிகளும் கடலுக்கு அந்தப் பக்கம் டயகமைச் சட்டத்தைக் கொண்டுபோயிருக்கிறோம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, ஜெயந்தி. இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். நாற்பது வயசுக்கு மேல் இவளுக்கு என்ன ஆட்டம் வேண்டிக் கிடக்கிறது என்று ஊரில் பேசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். "யோசிக்காம எறங்கிட்டா கலா, எங்க ரெண்டு பேரையும் நெனைக்கல" என்று உன் வீட்டுக்காரர் அழுதார். நான் "ஆமாண்ணே" என்றேன். என் வாய்தான் சொன்னது. வகுப்பில் சண்டை வந்தால் உனக்காக முதலில் பாய்கிற இதே வாய்.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கோபத்தோடுதான் திவ்யா வந்தாள். முதல் நாளே அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்: "அம்மாவ நெனச்சா எனக்கு அழுகை வரல சித்தி, கோவம்தான் வருது. ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா இன்னைக்கு இருப்பாங்க. ஒரு வெளையாட்டுக்காக என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க." நான் அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். உன் பிள்ளை உன்னை வெறுத்துக்கொண்டு என் அடுப்பில் குளிர்காய்கிறாள், நான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் போடுகிறேன். என்ன ஜென்மம் நான்?

அம்மா சறுக்கின இடத்தில் ஒரு தடவை சறுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. நாலு விடியல் எழுந்து பார்த்தோம். மழை, மூட்டம், மழை, மூட்டம். ஐந்தாம் நாள் வானம் வெளுத்திருந்தது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவள் உரச் சாக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள். கம்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினேன். மேடு முழுக்க வெள்ளை, அங்கங்கே கறுப்பு. விளிம்பில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"சித்தி, வெள்ளை பக்கமா, கறுப்பு பக்கமா?"

ஐயோ, நான் கத்தின கத்தலில் கீழே லயத்தில் கதவுகள் திறந்தன. ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து இரண்டு பேரும் விழுந்தோம். "பைத்தியமா சித்தி உங்களுக்கு?" என்றாள். நான் கம்பை அந்த வெள்ளையில் குத்தினேன். பாதிக் கம்பு உள்ளே போனது. பிடுங்கி இன்னும் தள்ளிக் குத்தினேன். அங்கேயும் போனது. மாசக்கணக்காகப் பெய்த மழையில் மேடு முழுவதும் ஊறிச் சதசதவென்று கிடக்கிறது, மேலே மட்டும் விரல் நகம் அளவுக்குப் பனி. நம் மேட்டிலேயே நம் சட்டம் செல்லாது, ஜெயந்தி. அந்த ஊர் ஐஸ் தெரியாமல் சொன்னேன் என்று இரண்டு வருஷமாக என்னையே சமாதானம் பண்ணினேன். இங்கேயும் எனக்கு ஒன்றும் தெரியாது.

சேற்றில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ போனைத் திருப்பிக் காட்டினது, கறுப்பையும் வெள்ளையையும் காட்டினது, நான் சொன்னது, நீ சிரித்தது, நான் ரொட்டி சுட்டது வரைக்கும். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கையில் ஒட்டிய சேற்றைச் சாக்கில் துடைத்தாள். பிறகு, "அப்ப அம்மா கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டா. என்கிட்ட கேட்டா."

"எறங்குறதுக்கு முன்னாடி நின்னு, எந்தப் பக்கம்னு கேட்டாங்களா?"

"ஆமாம்மா. நின்னு ரெண்டு பக்கத்தையும் காட்டிக் கேட்டா. நான்தான்…"

அவள் வாய் கோணியது. இரண்டு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. "அம்மா யோசிச்சிருக்காங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், "அம்மா யோசிச்சிருக்காங்க சித்தி." கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். "இத ஏன் ரெண்டு வருஷமா சொல்லல நீங்க?" என்றாள். ஏன் சொல்லவில்லை? உனக்குத் தெரிந்தால் சொல்.

மிச்ச இரண்டு நாளும் என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். ஹட்டனில் ரயில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்து, என்னைப் பார்க்காமலே, "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்," என்றாள். கன்னத்தைத் தொடப் போன கையை நானே இழுத்துக்கொண்டேன். ரயில் போனபின் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

உன் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டேன். நேற்று மாலை அழைத்தேன். முழுவதையும் கேட்டார், போனை வைத்துவிட்டார். இனி அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வருமோ வராதோ. மன்னிப்பு உன்னிடம் கேட்கவில்லை, நீ உடனே கொடுத்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்று சத்தியம், ஜெயந்தி. எங்கள் லயத்திலோ உங்கள் தெருவிலோ, எவராவது உன்னை யோசிக்காமல் இறங்கினவள் என்று இனி ஒரு வார்த்தை சொன்னால், அவள் நின்று கேட்டாள் என்று அந்த இடத்திலேயே சொல்வேன். கேட்டவளுக்குத் தப்பாகச் சொன்னவள் யார் என்றும் சொல்வேன்.

உன் பிள்ளை இன்னும் சித்தி என்று கூப்பிடுகிற,
உன் கலா