முதல் தாளில் ஒரு பெயர்

மார்ச் 6

அன்புள்ள கோந்து,

பார்சல் போன மாதமே வந்துவிட்டது. நீ கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்குள் வழக்கம்போல என் நகம் இரண்டு போயிற்று. புத்தகங்களை எனக்கு அனுப்புகிறாயா, சிறை வைக்கிறாயா?

கீழே நகலெடுக்கும் கடைக்காரர் புது இயந்திரம் வாங்கியிருக்கிறார். அது ஓட ஆரம்பித்தால் மாடியில் என் மேசை நடுங்குகிறது. புகார் சொன்னேன். "பூகம்பம் வந்தா எல்லாரும் பயப்படுவாங்க, உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்ல மேடம்" என்கிறார். இவரிடம் என்ன பேசுவது?

நீ மறுபடி பைண்டு தைத்து அனுப்பிய படைப்பிரிவு வரலாறுகள் அழகு. புத்தக முதுகில் கை வைத்தால் எங்கே கிழிந்திருந்தது என்றே தெரியவில்லை. ஆனால் இந்த முறை என்னை உட்கார வைத்தது அந்தக் குட்டி முதலுதவிக் கையேடுதான். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்த சாதாரணப் புத்தகம். மலிவுப் பெட்டியில் போடத்தான் எடுத்தேன். முதல் தாளைத் திருப்பினால், பென்சிலில் ஒரு பெயர். கீழே 'மூன்றாம் பாலப் படை'. அதற்கும் கீழே 'நான்காம் கைதிகள் முகாம்', ஒரு தேதி. பிறகு ஒரு வரி: 'இரவல் வாங்கியவன் இரண்டு நாளில் தராவிட்டால் உதைப்பேன்.'

சிரித்துவிட்டேன். எதிரியின் கம்பி வேலிக்குள் இருந்துகொண்டு புத்தகத்துக்காக உதைப்பேன் என்கிறானே ஒருவன்! அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இந்த மாதப் பட்டியலில் அந்த எழுத்தை அப்படியே முழுதாகப் போட்டேன். பல் டாக்டர் உடனே கேட்டார். (கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிற மனுஷர், பீரங்கி வகைகளை ஒப்பிக்கிறார்.) ஆனால் அவருக்கு முன்பே ஒரு புது வாடிக்கையாளர் எழுதியிருந்தார், ஓய்வு பெற்ற தையல் டீச்சர். அவருக்கே அனுப்பினேன்.

இரண்டு வருடமாகப் பெயர் எழுதிய புத்தகங்களாக உனக்கு மட்டும் எங்கிருந்துதான் கிடைக்கின்றன? எந்தப் பழைய பேப்பர் கடை? ஒரு நாள் என்னையும் கூட்டிப்போயேன்.

நடுங்கும் மேசையிலிருந்து,
பூச்சி


மார்ச் 15

அன்புள்ள பூச்சி,

நகத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அடுத்த முறை கத்தரிக்கோலும் உள்ளே வைத்து அனுப்புகிறேன். அதை எடுக்கக் கயிற்றை அவிழ்க்க வேண்டியிருக்கும், அதுதான் சிக்கல்.

கடையைக் காட்ட மாட்டேன். காட்டினால் நீ நேராக அங்கேயே போய்விடுவாய், எனக்கு என்ன வேலை? ஏதோ என் கைராசி என்று வைத்துக்கொள்.

பெயர் இல்லாத பழைய புத்தகம் யாரும் குடியிருக்காத வீடு மாதிரி என்று நீதானே ஒரு முறை எழுதினாய்? அதை என் வேலை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா நலம். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு என் மேல் வீசும் பசை வாசனைதான் காரணம் என்று எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அத்தை, "அப்ப குளிச்சா முடிஞ்சிருமே" என்றாளாம்.

இந்தப் பார்சலில் வரைபடம் படிக்கும் வழிகாட்டி ஒன்று இருக்கிறது. ஒரு லாரி டிரைவரின் பெயரோடு. பல் டாக்டரைச் சமாதானப்படுத்து.

குளித்துவிட்டு எழுதும்,
கோந்து


மார்ச் 29

அன்புள்ள கோந்து,

இதைப் படித்த உடனே பதில் எழுது. நேற்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தையல் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். எழுபதுக்கு மேல் இருக்கும், முழங்கால் மடங்காது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறி வந்திருக்கிறார். முதலுதவிக் கையேட்டை ஒரு துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் கேட்டார்:

"இது உனக்கு எப்படிம்மா வந்துது?"

ஏன் என்றேன்.

"இது என் தம்பி."

புத்தகத்தைச் சொல்லவில்லை, அந்தப் பெயரைச் சொன்னார். வீட்டில் அவனை எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஆறுகளில் பாலம் போடுகிற பாலப் படையில் இருந்திருக்கிறான். ஆற்றைக் கடக்கும்போது காணாமல் போனான் என்று வீட்டுக்குத் தாள் வந்தது. அதற்கப்புறம் ஒரு செய்தியும் இல்லை. அந்தப் போரைப் பற்றி வந்த புத்தகம் ஒவ்வொன்றையும் டீச்சர் தேடித் தேடி வாங்கியிருக்கிறார். ஏதாவது ஒரு பக்கத்தில், ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் அவன் இருப்பானா என்று. என்னிடம் வரும் சேகரிப்பாளர்கள் எல்லாரையும் நினைத்துப் பார்த்தேன், கோந்து. போரைப் பிடிக்காமல் போர்ப் புத்தகம் சேர்க்கிற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் முட்டாள், சந்தோஷப்பட்டேன். "அப்படின்னா அவர் ஆத்துல போகலை, பிழைச்சிருக்கார், முகாம்ல இருந்திருக்கார்!" என்று கத்தியே விட்டேன்.

அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. புத்தகத்தில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்தார்.

"ஆறு மாசம் பாத்தோம். அதுக்கப்புறம் பட்டாள ஆஃபீஸ்ல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. செத்துட்டதா எடுத்துக்கறோம், இனிமே தேட வேண்டாம்னு. அம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. நாந்தான் போட்டேன். என் கல்யாணம் நின்னுட்டிருந்துது. வீட்டுல துக்கம் முடிஞ்சாத்தான் நடக்கும்னாங்க. போட்டுட்டேன்." தேதியை மறுபடி விரலால் தடவினார். "நான் கையெழுத்துப் போட்டு ஒரு வருஷம் கழிச்சு அவன் இதை எழுதியிருக்கான். அங்க உக்காந்து புத்தகத்தைத் திருப்பித் தாடான்னு எழுதிட்டிருந்திருக்கான். இங்க நான் அவனைக் கொன்னுட்டேன்."

கையெழுத்து அவனுடையதுதானா, நிச்சயமா என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் அவன் எழுதியது ஒன்றுகூட இல்லை. அம்மா இறந்தபோது அவன் கடிதங்களையும் அவளோடு எரித்துவிட்டார்கள். ஆனால், "உதைப்பேன்னு எழுதியிருக்கே, வேற யாரு?" என்கிறார்.

தம்பியின் கோப்பை மீண்டும் திறக்கச் சொல்லி ராணுவ அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். முகாம் இருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று பை கட்டி வைத்திருக்கிறார். அந்த முழங்காலோடு, எல்லை தாண்டி! அந்தப் புத்தகம் யார் வீட்டிலிருந்து வந்தது, யார் விற்றார்கள், எல்லாவற்றையும் எழுது. இந்த முறை விளையாடாதே.

பூச்சி


ஏப்ரல் 5

பூச்சி,

யாரையும் தேடாதே. அதை எழுதியது நான்.

இதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே முட்டாள்தனம். உனக்குப் பாதியாவது தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கே கிடைத்தது என்று நீ ஒரு முறைதான் கேட்பாய், இரண்டாம் முறை கேட்க மாட்டாய். உனக்கும் அது வசதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் விளையாட்டுத்தான். ஒரு வெற்றுத்தாள், ஒரு பழைய பென்சில். நீ சொன்ன காலி வீட்டில் ஒரு ஆளைக் குடிவைத்தேன். நீ எவ்வளவு சந்தோஷமாக எழுதினாய் தெரியுமா? அதைப் படிக்கவே அடுத்ததையும் எழுதினேன்.

பெயர்களை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனைப் பெயர் என்றால் உன் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலப் படை வரலாற்றைத் தைக்க அனுப்பினாய் இல்லையா, அதன் கடைசியில் மூன்று பட்டியல்கள். இறந்தவர்களைத் தொடவில்லை. அவர்களுக்குக் கல்லறை இருக்கும், தேதி இருக்கும், பார்க்க வருகிறவர்கள் இருப்பார்கள். காயம்பட்டவர்கள் யாராவது உயிரோடு இருக்கலாம். அதனால் காணாமல் போனவர்களிலிருந்து எடுத்தேன். அவர்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, அதனால் யாரும் வந்து இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் யோசித்தது அவ்வளவுதான். எல்லாம் சரியாகச் செய்ததாக எனக்குப் பெருமைகூட இருந்தது.

தேதியும் அப்படித்தான். அந்தக் கையேடு அச்சான வருடத்துக்கு முன்னால் போட்டால் பல் டாக்டர் பிடித்துவிடுவார். பின்னால் ஒரு தேதி போட்டேன். அவன் காணாமல் போனது எப்போது என்று பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

அவரிடம் சொல்லாதே. விற்றவர் செத்துவிட்டார், மேலே எதுவும் தெரியவில்லை என்று எழுதிவிடு. எப்படியும் தம்பி கொஞ்ச நாள் கூடுதலாக உயிரோடு இருந்தான் என்று நினைத்துக்கொள்ளட்டுமே, அதில் என்ன கெடுதல்?

கோந்து


ஏப்ரல் 12

கோந்து,

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன், காலேஜ் ஹாஸ்டலிலிருந்து எழுதியது முதல். இதில் எது உன் சொந்தக் கையெழுத்து என்று பார்த்தேன். தெரியவில்லை. பத்து வருடமாகப் படித்த எழுத்து, தெரியவில்லை.

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை என்கிறாய். உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்ன கெடுதல் என்று கேட்டிருக்கிறாய், அதற்கு இருக்கிறது. அந்த அம்மாவைக் கொலைகாரியாக்கியது உன் தேதி.

சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்கே போனேன். சின்ன அறை, ஒரு பக்கச் சுவர் முழுக்கப் போர். நம் கடையில் இல்லாதது எல்லாம் அங்கே இருக்கிறது. தையல் மெஷின் மேல்கூட டாங்கிகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம். எழுதியது என் தோழி, சும்மா, விலை கூடுவதற்காக என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்கு யாருடையதோ போல இருந்தது.

அவர் நம்பவில்லை.

"யாரு வந்து உன்னை மிரட்டினாங்க? ஆஃபீஸ்காரங்களா? மனுவை வாபஸ் வாங்கச் சொல்றாங்களா?"

"இல்ல டீச்சர். சத்தியமா அவ எழுதினதுதான்."

"ஏம்மா, எனக்குக் குத்தம் வரக்கூடாதுன்னு பொய் சொல்றியா? வரட்டும். நான் பண்ணினது நான் சுமக்கறேன். அவன் அந்த ஒரு வருஷம் இருந்திருக்கான் பாரு, அதை எடுக்காத."

எடுக்காதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எடுக்க வந்தவள்போல.

பை கதவோரம் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பயணம் என்கிறார். இனி நான் என்ன சொன்னாலும் அவருக்கு அது இரக்கம்தான். நீதான் வர வேண்டும். அவர் கண்ணெதிரே பென்சிலை எடுத்து அதே பெயரை, அதே வரியை எழுதிக் காட்ட வேண்டும். வேறு வழி இல்லை. நான் கூட வர மாட்டேன். உன் பக்கத்தில் நிற்க என்னால் இப்போது முடியாது.

வாங்கிய மற்றவர்களுக்கெல்லாம் எழுதிவிட்டேன். பல் டாக்டர் புத்தகங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், ஒரு வார்த்தை எழுதாமல். டீச்சரின் முகவரி பின்பக்கத்தில்.

பூச்சி


மே 3

பூச்சி,

போய் வந்தேன். உனக்குச் சொல்லாமல் ஊருக்குள் வந்து, உன் கடைத்தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். திரும்பும்போதும் அப்படியே.

மேசை மேலே ஒட்டியிருந்த உன் வரியைக் கிழித்துவிட்டேன். இனி உனக்குப் பார்சல் வராது. நீ அதைச் சொல்லத் தேவையில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பதில் போடு என்றும் கேட்கவில்லை. ஆனால் அங்கே நடந்ததை உன்னைத் தவிர யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தார். உட்காரச் சொன்னார். நான் பென்சிலை எடுத்தேன், எழுதினேன். பெயர், படை, முகாம், அந்த உதைப்பேன். எனக்கே அதிர்ச்சி. அச்சு மாதிரி வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அழுவார், அடிப்பார், என்னவோ நடக்கும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்க் கதவோரம் இருந்த பையை அவிழ்த்தார். ஒரு புடவை, ஒரு துண்டு, மாத்திரை டப்பா. ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். நான் அங்கே இருப்பதே மறந்துவிட்டதுபோல. பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அப்ப அவன் ஆத்தோட போயிட்டான்."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அதுக்காக நான் பண்ணினது இல்லேன்னு ஆயிடுமா? அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாமத்தானே போட்டேன். அது அப்படியேதான் இருக்கு." வெள்ளைத் தாள் ஒன்றை என் முன்னால் தள்ளினார். "ஊரை ஏமாத்த இத்தனை எழுதினியே, எனக்கு ஒண்ணு எழுது."

"என்ன எழுத?"

"அவன் சொல்ற மாதிரி. நான் கையெழுத்துப் போட்டது தப்பில்லேன்னு."

முடியாது என்றேன். எழுந்தேன். வாசலை மறித்து நின்றுவிட்டார், பூச்சி. அந்த முழங்காலோடு. "எழுதிட்டுப் போ. பொய்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அப்புறம் என்ன?"

எழுதினேன். நிதானமாக, என்னால் முடிந்த அளவு நன்றாக. 'அன்புள்ள அக்கா, நீ கையெழுத்துப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் வாழ்க்கையை நீ பார்த்ததுதான் சரி. என்னை நினைத்து அழாதே.' இதைவிட ஆறுதலாக எனக்கு எழுதத் தெரியாது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார். சட்டென்று தாளை மேசையில் போட்டார்.

"இது அவன் இல்ல."

"எழுத்து அதேதான் டீச்சர்..."

"எழுத்து கிடக்கு. அக்காவாம்! அந்தக் கழுதை ஒரு நாள் என்னை அக்கான்னு கூப்பிட்டிருக்கானா? 'ஏய்'ம்பான், 'உன்னைத்தான்'ம்பான். அவனாவது, வருத்தம் இல்லேன்னு சொல்றதாவது! தட்டுல ஒரு துண்டு மீன் எனக்கு அதிகமா விழுந்தா மூணு நாள் பேச மாட்டான். ஆறு மாசத்துல என்னை முடிச்சுக் கட்டிட்டியான்னு இந்நேரம் வீட்டை ரெண்டாக்கியிருப்பான்..."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஈரச் செருப்போடு உள்ளே வருவது, அவர் தைத்து வைத்த சட்டையில் பட்டனைப் பிய்த்துக்கொண்டு வருவது, சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்தில் பேர் கொடுத்தது, எல்லாம் வந்தது. வழியை விட்டு எப்போது விலகினார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். கதவு திறந்தே இருந்தது. படியிறங்கித் தெருமுனைக்கு வரும்வரை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் இருக்கிறவனை, எழுந்து வரச் சொல்லித் திட்டுகிற மாதிரி.

கோந்து