பால் எழுதாத ஜோடி

என் அபேனிக்கு,

நீயும் தாயிவோவும் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இபாதான் நகர அலுவலகத்தில் எனக்கு இரட்டைப் பிறப்புகளைக் கணக்கெடுக்கும் வேலை. சாயல் வேறான ஜோடிகளில் பாதி ஆண்-பெண்ணாக இருக்கும்; அதனால் ஆண்-பெண் ஜோடிகளை எண்ணி இரண்டால் பெருக்கினால், அவை மொத்தம் எத்தனை என்று தெரியும். மீதி ஜோடிகள் ஒரே அச்சு.

நேற்று நம் ஊர்ப் பதிவேடு வந்தது. தாயிவோவோடு பிறந்து இறந்த நம் கேஹிண்டே ஆணா பெண்ணா என்று யாரும் எழுதவே இல்லை.

"பால் தெரியாத ஜோடிய அடிச்சிடுப்பா," என்றார் அதிகாரி.

"பொண்ணு சார். நான்தான் புதைச்சேன்."

"புதைச்சவன் சொன்னா கணக்காயிடுமா? பதிவேடு சொல்லணும்."

அடித்துவிட்டேன். ஸ்கேல் வைத்து நேராகத்தான் கோடு போட்டேன்.

கொஞ்சம் மிளகாய்ப்பொடி அனுப்பு. காராமணி சமைத்தால் கேஹிண்டேவுக்கும் ஒரு தட்டு வை. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், இரண்டு என்றே சொல்.

கடிதம் கொண்டுவரும் லாரி கிளம்புகிறது.

உன் அடிகுன்